பானையை எங்கே கட்டுவது

மழைக்குக் கொட்ட வேறு ஊரே கிடைக்கவில்லை போலிருக்கிறது. வியாழக்கிழமை பிடித்தது, சனிக்கிழமை விடிந்தும் விடவில்லை. ஜோவெலின் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தாள். முற்றமாவது ஒன்றாவது! சேறும் அதன்மேல் தண்ணீரும். அந்தத் தண்ணீரில் அக்காள் வீட்டுக் கோழி ஒன்று காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்துகொண்டிருந்தது. சாக்கு ஓட்டப் பந்தயத்துக்கு அவள் கோடு போட்டு வைத்திருந்த இடம் அதுதான்.

"அண்ணே, அந்த மரத்துப் பெரிய கிளையில கட்டிப் பாப்பமா?"

அக்காள் புருஷன் பென்ஹூர் திண்டாடிப்போய் அண்ணாந்து பார்த்தான். அவன் கையில் இரண்டு மண்பானைகள் இருந்தன. ஒன்றுக்குச் சிவப்புச் சாயம், மற்றொன்றுக்கு நீலம். கொப்பரைக் களத்தில் வேலை செய்கிறவன்; மழை வந்தால் தேங்காய் காயாது, அவனுக்கும் வேலை கிடையாது. அதனால் மூன்று நாளாக அவளுடைய வேலைக்காரனாகிவிட்டான்.

"கட்டலாம் தங்கச்சி. பானை தாங்கும். கண்ணைக் கட்டிக்கிட்டுக் கம்பு வீசுற புள்ளைங்க தாங்கணுமே? ஒண்ணு வழுக்கி விழுந்தா அடுத்தது அது மண்டையிலதான் போடும்."

"அப்ப பந்து மைதானம்? அதுக்குத்தான் கூரை இருக்கே? அதத்தானே நான் போன மாசமே குவைத்துலேருந்து போன் பண்ணிச் சொல்லி வைக்கச் சொன்னேன்?"

"சொல்லித்தான் வச்சேன். தெரோய் கிழவன் சாவாருன்னு யாரு கண்டா?"

மைதானத்தின் கூரைக்குக் கீழே, கூடைப்பந்து வளையத்துக்கு நேர் அடியில், தெரோய் கிழவர் பெட்டிக்குள் படுத்திருந்தார். மகன் கப்பலில் வேலை செய்கிறவன். ஏதோ துறைமுகத்திலிருந்து வந்து இறங்கும்வரை அடக்கம் கிடையாது. அதுவரை ராத்திரியும் பகலும் சீட்டாட்டமும் காப்பியும் ஜெபமாலையுமாக ஊரே அங்கேதான் கிடந்தது. நேற்றே வந்திருக்க வேண்டிய மகன் இதே மழையால் மணிலாவில் மாட்டிக்கொண்டான்.

"மைதானம் பெரிசுதானே? அவங்க அந்தப் பக்கம் இருக்கட்டும், நாம இந்தப் பக்கம்..."

"இயேசுவே!" என்று சாய்ப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. எர்லிண்டா அக்காள் ஆவிப் பானையின் மூடியைத் திறந்தபடியே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "பொணத்துக்குப் பக்கத்துல வச்சுப் பொறந்த நாளா? புள்ளைக்கு ஏழு வயசாகுதுடி. ஏழு! எழுபது வாழ வேண்டாமா?"

அக்காள் சந்தைக்கு புத்தோ அவித்து விற்கிறவள். வீட்டின் பின்பக்கம் தகரம் இறக்கிய சாய்ப்புதான் அவள் தொழிற்சாலை. விடியுமுன்னே அரிசிமாவைக் கரைத்து, சின்னச் சின்ன அச்சுகளில் ஊற்றி அடுக்கிவிடுவாள். அந்தச் சாய்ப்பு முழுக்க ஆவியும் புகையும், சுவரெல்லாம் கரியும். ஜோவெலின் அந்தப் பக்கம் விருந்தாளிகளை விடுவதாகவே இல்லை. முன்பக்க வாசலில் வளைவாக பலூன் கட்டி, அதற்குள்ளே நுழைந்து கூடம் வழியாக அப்படியே வெளியே முற்றத்துக்குப் போகிற மாதிரிதான் திட்டம். முற்றத்தில் பானை, சாக்கு ஓட்டம், பரிசுகள் தொங்கும் மூங்கில் தட்டி. களைத்து வரும் பிள்ளைகளுக்கு உள்ளே நாற்காலி விளையாட்டு, கேக், பாட்டு. குவைத்தில் மேடம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பிறந்தநாள் விடாமல் ஏற்பாடு செய்தவள் அவள்தான். வெயிலுக்கு உள்ளே என்ன, வெயில் தாழ்ந்ததும் வெளியே என்ன, எந்தப் பிள்ளை எப்போது அழும், எல்லாம் அத்துப்படி. 'ஜோ இருந்தால் எனக்குக் கவலையே இல்லை' என்று மேடம் எல்லாரிடமும் சொல்வாள்.

சொந்தப் பிள்ளைக்குச் செய்யப்போகும் முதல் பிறந்தநாள் இதுதான். ஷைராவுக்குப் பால்பல் முழுதாக முளைக்குமுன்னே விமானம் ஏறியவள். இப்போது ஷைராவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. செவ்வாய்க்கிழமை மறுபடி விமானம். பிள்ளை எர்லிண்டாவோடு படுக்கிறாள், எர்லிண்டா கையால் சாப்பிடுகிறாள், அவளைத்தான் அம்மா என்கிறாள். ஜோவெலின் அவளுக்கு 'மம்மி'. தொலைபேசியில் எத்தனை இனிப்பாக இருந்த வார்த்தை! நேரில் அது விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. வந்த அன்றைக்குக் கட்டிப்பிடிக்கப் போனபோது பிள்ளை கைகொடுத்தாள். ஒரே ஒரு நாள், ஊர் பார்க்க, இந்தப் பிள்ளைக்கு நான்தான் தாய் என்று நின்றுவிட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடு. அதற்குத்தான் இந்த மழை.

பெபாங் குடையை உதறிக்கொண்டு வந்தாள். அழகு நிலையம் நடத்துகிறவள். தெருவில் எந்த விசேஷமானாலும் மைக்கைப் பிடிப்பதும் அவள்தான். ஷைராவின் ஞானத்தாய். அந்த உறவில் அவளும் ஜோவெலினும் ஒருவரையொருவர் 'மாரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"மாரே, மூஞ்சி ஏன் இப்படிப் புளிச்ச மாவாட்டம் இருக்கு? பொறந்த நாளா, பரீட்சையா?"

"கிண்டல் பண்ணாத மாரே. எல்லாத்தையும் உள்ள கொண்டு வரணும். சாக்கு ஓட்டம் போச்சு. மூங்கில் தட்டியைக் கூடத்து உத்திரத்துல கட்டிரலாமா?"

"கட்டு. அத ஏத்தி எறக்குறப்ப தட்டி ஒரு பக்கம், ஒங்க குழந்தை இயேசு செலை ஒரு பக்கம் விழும். புள்ளைங்க பரிசப் புடுங்குறேன்னு எம்பிக் குதிச்சா டிவியும் போகும்."

"சரி, தட்டி வேணாம். பலூனை உக்காந்து ஒடைக்கிற ஆட்டம்?"

சாய்ப்பிலிருந்து அக்காள், "ஷைராவுக்கு பலூன் வெடிச்சா ஆகாது. காதைப் பொத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிரும்" என்றாள்.

"போன்ல சொல்லவே இல்லையே?"

"போன்ல பலூன் வெடிக்கலையே."

பெபாங் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஜோவெலின் பல்லைக் கடித்தாள்.

"சரி. கோப்பைக்கு வண்ணம் தீட்டுறது. பெட்டியில எல்லாம் கொண்டு வந்திருக்கேன். அமைதியா உக்காந்து செய்யலாம்."

"அமைதியாவா!" என்றாள் பெபாங். "மாரே, இது ஒன் மேடம் வீடு இல்ல. நம்ம தெருப் புள்ளைங்களுக்கு வண்ணத்தக் குடுத்தா சுவத்துல பாதி, சோறு மேல பாதி."

"ஒத்தைக் கொம்புக் குதிரை முகமூடி? ஷைராவுக்குக் கொம்புக் குதிரைன்னா உசுரு. கேக்குலயும் அதுதான் போடச் சொல்லியிருக்கேன்."

இந்த முறை சாய்ப்பிலிருந்து பதில் வரவில்லை.

"என்னக்கா? சொல்லு. அதுவும் ஆகாதா?"

"இல்ல... போன வருஷம்தான் அது. இப்ப டைனோசர். பரவால்ல விடு, கேக்குன்னா கேக்குதான், திங்கப்போகுதுங்க."

"பரவால்லையா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் எது சொன்னாலும் அது ஆகாது, இது பிடிக்காது, அங்க கட்டாத, இங்க வைக்காத. எல்லாம் உனக்குத்தான் தெரியும்! நான் எதுக்கு இங்க? காசு அனுப்புற மிஷினா?"

அக்காள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முகத்தில் ஆவி வேர்த்திருந்தது. சத்தம் போடவில்லை.

"தெரியத்தான் செய்யுது ஜோவி. தெரியாமயே வளத்திருந்தேன்னு வச்சுக்கோ, அப்ப நீ என்ன சொல்லியிருப்ப?"

ஜோவெலின் பென்ஹூர் பக்கம் திரும்பி, "அந்தப் பானைய எங்கயாச்சும் வச்சுத் தொலைங்கண்ணே!" என்று கத்தினாள். பாவம், அவன் என்ன செய்தான்? பானைகளைத் தூக்கிக்கொண்டு ஷைரா இருந்த மூலைக்குப் போய்விட்டான். பிள்ளை அவனோடு உட்கார்ந்து ஒரு பானையில் மிட்டாயும் இன்னொன்றில் கோதுமை மாவும் நிரப்பிக்கொண்டிருந்தாள். வாயைக் கட்டிவிட்டால் எதில் எது என்று அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதுதான் அந்த விளையாட்டின் குசும்பே.

ஜோவெலின் பெபாங்கைத் தனியே இழுத்துப் போனாள்.

"மாரே, 'கொண்டு வா' ஆட்டம் இருக்குல்ல? அது எங்க வச்சாலும் நடக்கும். அதுல கடைசியா நீ ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

"'பொறந்தநாள்காரி மட்டும்! உன் அம்மாவைக் கொண்டு வா!'ன்னு கேளு."

"மாரே, வேணாம்."

"ஏன் வேணாம்?"

"சீப்பு கேக்குறேன், ஒத்தைச் செருப்பு கேக்குறேன், நரைமுடி கேக்குறேன். ஆளைக் கேக்க வேணாம்டி."

"நான்தான் மைக்குப் பக்கத்துலயே நிப்பேன். அவ கைக்கு எட்டுற தூரத்துல. நீ கேளு."

பெபாங் பலூன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். பிறகு, "உன் பிள்ளை, உன் விருந்து" என்று சொல்லிவிட்டு பலூன் ஊதப் போனாள்.

மத்தியானத்துக்குள் பன்சித் தயாராகிவிட்டது. அந்த நூடுல்ஸை நறுக்கக் கூடாது, நறுக்கினால் பிள்ளையின் ஆயுசை நறுக்கியதுபோல என்று அக்காள் கத்தியையே ஒளித்து வைத்திருந்தாள். இனிப்பு ஸ்பகெட்டியில் சிவப்புச் சிவப்பாக சாசேஜ் துண்டுகள். கோழிப் பொரியல் ஒரு தாம்பாளம். பிள்ளைகள் நனைந்த தலையும் சேற்றுக் காலுமாக வந்து இறங்கின. கூடம் நிறைந்துவிட்டது. 'எருசலேம் பயணம்' என்ற நாற்காலி விளையாட்டைத் தொடங்கினால், நாற்காலியைச் சுற்றி ஓட இடமில்லாமல் பிள்ளைகள் நாற்காலி மேலேயே ஏறி ஓடின. அதற்குள் வாசலில் பேச்சுக் குரல். ஜோவெலின் எட்டிப் பார்த்தாள். கறுப்புச் சட்டையில் ஒரு கூட்டம் பலூன் வளைவுக்குள் தலையைக் குனிந்து நுழைந்துகொண்டிருந்தது.

"யாருக்கா இவங்கள்லாம்?"

"சாவுக்கு வந்தவங்க" என்றாள் அக்காள், தட்டுகளை எடுத்துக்கொண்டே. "சாவு வீட்டுலேருந்து நேரா வீட்டுக்குப் போவாங்களா? ஆவி கூடவே வந்துரும்ல. நடுவுல எங்கயாச்சும் ஒதுங்கிட்டுத்தான் போகணும். வழக்கமா முக்குக் கடையில காப்பி குடிப்பாங்க. இன்னைக்குக் கடையில தண்ணி பூந்திருச்சு."

"அதுக்கு என் புள்ளை பொறந்த நாள்ல வந்தா ஆவிய எறக்கி வைக்கணும்?"

"வந்தவங்கள வெளிய போன்னு சொல்ற வீடா இது?"

காலையில் பிணம் பக்கத்தில் கூடாது என்று சிலுவை போட்டவளே இப்போது பிணத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குப் பன்சித் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டால் அது வேறு இது வேறு என்பாள். கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் ஸ்பகெட்டியைச் சுழற்றிக்கொண்டே, "புள்ள சத்தம் கேட்டதும்தான் மனசு லேசாச்சு" என்றார். ஜோவெலினுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒரு பெருமூச்சோடு மைக்கை பெபாங் கையில் திணித்தாள்.

'கொண்டு வா' ஆட்டம் அமோகமாகத்தான் நடந்தது. பெபாங் கேட்க வேண்டியதுதான் தாமதம், பிள்ளைகள் பறந்தார்கள். சீப்பு வந்தது. ஒத்தைச் செருப்பு வந்தது. நரைமுடி என்றதும் கறுப்புச் சட்டைக்காரரின் தலையில் ஐந்தாறு கைகள் பாய்ந்தன. கூடம் சிரித்துக் குலுங்கியது. ஷைரா ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தினாள், ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்தாள். அக்காள் வாங்கி வைத்த டைனோசர் பொம்மை பரிசு மேசையில் கடைசியாக மிச்சம் இருந்தது. பிள்ளையின் கண் அதிலேயே இருந்தது.

பெபாங் ஜோவெலினைப் பார்த்தாள். ஜோவெலின் தலையை ஆட்டினாள், தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள், மைக்குக்குப் பக்கத்தில் ஒரு அடி முன்னால் வந்து நின்றாள்.

"கடைசி! பொறந்தநாள்காரிக்கு மட்டும்!" பெபாங்கின் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. "உன் அம்மாவைக் கொண்டு வா!"

ஷைரா திரும்பினாள். ஜோவெலினின் கை தானாக நீண்டது. பிள்ளை அந்தக் கைக்கு அடியில் குனிந்து, கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். சாய்ப்பில் ஏதோ பாத்திரம் உருண்டது. "ஏய், ஏய், கை பூரா எண்ணெய்டி!" என்ற சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் எர்லிண்டாவின் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்தபடி ஷைரா வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. ஜெயித்துவிட்ட முகம்.

கூடத்தில் எல்லாரும் ஜோவெலினைத் திரும்பிப் பார்த்தார்கள். எர்லிண்டாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பிள்ளையின் கையை அவசரமாக விலக்கினாள்.

"நானில்லடி... அந்தா பாரு, மம்மி அங்க நிக்குறாங்கல்ல. மம்மிகிட்ட போ."

ஷைரா இவளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "தப்பா கொண்டு வந்துட்டேனா?" என்றாள் மெதுவாக. "தோத்துட்டேனா?"

ஜோவெலினுக்கு ஓடிப்போய்ப் பின்னால் எங்காவது உட்கார்ந்து கதறிவிடலாம் என்றிருந்தது. யார் மேல் கோபப்படுவது? மழை மேலா? மேடம் மேலா? கேட்க வைத்ததே அவள்தானே! பிள்ளையின் உதடு துடிக்கத் தொடங்கியதைப் பார்த்தாள். இன்னும் ஒரு நொடி விட்டால் இந்தப் பிறந்தநாளில் அவள் தந்ததென்று இது மட்டும்தான் மிஞ்சும்.

"பரிசைக் குடு மாரே" என்றாள். மறுபடி சத்தமாகச் சொன்னாள்: "என்ன பாத்துக்கிட்டு நிக்குற? சரியாத்தான் கொண்டு வந்திருக்கா. குடு!"

யாரோ கைதட்டினார்கள். கறுப்புச் சட்டைக்காரராக இருக்க வேண்டும். பிறகு எல்லாரும் தட்டினார்கள். டைனோசரை இறுக்கிக்கொண்டு பிள்ளை குதித்தாள். எர்லிண்டா தங்கையின் பக்கம் வந்தாள். தொடப் போனவள் கையில் எண்ணெய் இருந்ததால் நின்றுவிட்டாள்.

"ஜோவி, அது புள்ள..."

"பேசாத அக்கா. இப்ப எதுவும் பேசாத." கண்ணைத் துடைத்தாள். "பானைய எங்க கட்டுறது? அதச் சொல்லு. அது ஒண்ணுதான் பாக்கி."

எர்லிண்டா கொஞ்சம் தயங்கினாள். "என் சாய்ப்புல கட்டலாம். உத்திரம் உசரம்தான். உனக்குத்தான் கரியும் பொகையும் ஆகாது."

"கட்டு."

பென்ஹூர் ஆவிப் பானைகளை மூலைக்கு நகர்த்தினான். அச்சுகளையெல்லாம் அள்ளிக் கூடையில் போட்டாள் அக்காள். சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கமாக இரண்டு பானைகளும் கரிப்பிடித்த உத்திரத்தில் தொங்கின. எத்தனை அடித்தாலும் உடைவதற்கு அங்கே பானைகளைத் தவிர வேறொன்றுமில்லை. பிள்ளைகள் வரிசையாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பு வீசினார்கள். ஒருவன் தூணை அடித்தான், ஒருத்தி பென்ஹூரின் முழங்காலை அடித்தாள். பானைகள் மட்டும் பத்திரமாக ஆடிக்கொண்டிருந்தன. ஜோவெலின் வாசலோரம் நின்று பார்த்தாள். காலையிலேயே இங்கே கட்டியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியிருக்கும், அவள்தான் யாரையும் சொல்ல விடவில்லை.

சட்டையை யாரோ இழுத்தார்கள். ஷைரா.

"மம்மி, நீ அடிக்கிறியா?"

"நானா? பெரியவங்க அடிக்கலாமா?"

"என் பொறந்த நாள்தானே? நான் சொன்னா அடிக்கலாம். குனி."

ஜோவெலின் குனிந்தாள். பிள்ளை ஒரு துண்டை அவள் கண்ணைச் சுற்றிக் கட்டி, தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டாள். முடிச்சில் முடி சிக்கி வலித்தது. பேசாமல் இருந்தாள். மூன்று சுற்றுச் சுற்றி விட்டார்கள். கம்பு கைக்கு வந்தது. உடனே சாய்ப்பு முழுக்கக் கூச்சல்.

"லெஃப்டு! லெஃப்டு!" "அண்ணாந்து அடி!" "மாரே, இடது பக்கம்டி, மிட்டாய் அங்கதான் கிலுகிலுங்குது!"

அந்த இரைச்சலுக்குள்ளே அவளுக்கு ஒரு குரல் தனியாகக் கேட்டது. மற்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்குமோ என்னவோ, அவளுக்குத் தப்பாது. இத்தனை வருஷமும் அந்தப் பிள்ளையைப் பற்றி அவளுக்கென்று இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். படம் நின்று நின்று வரும், சில நாள் வரவே வராது. குரல் மட்டும் வரும். மேடம் வீட்டுச் சலவை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு காதோடு அழுத்தி வைத்துக் கேட்ட குரல். ஜலதோஷமா, தூக்கமா, யாரோடாவது சண்டையா என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

"வலது பக்கம் மம்மி," என்றது அந்தக் குரல். "அவங்க சொல்றதக் கேக்காத. வலதுலதான் மிட்டாய் இருக்கு. நெசமா."

வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டால், முடித்துவிட்டேன் மம்மி என்று சொல்லும்போதும் இதே தேன்தான் வழியும். பொய் சொல்லும்போது மட்டும் பிள்ளையின் குரல் கொஞ்சம் இறங்கி, இனித்து வரும். எர்லிண்டாவுக்குக்கூட இது தெரியுமோ என்னவோ. நேரில் வளர்த்தவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பாள். காதால் மட்டும் வளர்த்தவளுக்கு இது தெரியும்.

இடதில் மிட்டாய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஜோவெலின் வலது பக்கம் திரும்பினாள்.

"இன்னும் ரெண்டு எட்டு மம்மி. நில்லு! அங்கதான். கம்பைத் தூக்கு. நல்லா தலைக்கு மேல. அடி!"

மூன்று நாள் மழையையும், கொம்புக் குதிரை கேக்கையும், செவ்வாய்க்கிழமை விமானத்தையும் சேர்த்து ஓங்கி ஒரே அடி. பானை சிதறியது. கோதுமை மாவு முழுக்க அவள் தலையில், முகத்தில், மூக்கில், புதுச் சட்டைக்குள் கொட்டியது. சாய்ப்பே வெடித்துச் சிரித்தது. இருமிக்கொண்டே துண்டை இழுத்துக் கழற்றினாள். எதிரே ஷைரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன்பல் இரண்டும் இல்லாத வாயைத் திறந்து, தரையில் உட்கார்ந்தே போய்ச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! அம்மா! வந்து பாரேன், மம்மிக்குத் தலை நரைச்சுப் போச்சு!"

"அடி திருட்டுக் கழுதை," என்றாள் ஜோவெலின். "நெசமான்னு வேற சொன்னியே?"

ஷைரா எழுந்து வந்தாள். சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. ஜோவெலினின் கன்னத்து மாவில் ஒரு விரலால் கோடு போட்டாள். பிறகு இரண்டு கையாலும் அவள் தலையைத் தட்டிவிடப் பார்த்தாள். எட்டவில்லை. ஜோவெலின் அந்தக் கரித் தரையில் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து, பிள்ளைக்கு எட்டும்படி தலையைக் கொடுத்தாள்.